தாயையும் சேயையும் பிரிக்காத மருத்துவம்



குழந்தை நலம் குறித்து இன்று உலகெங்கும் நடைபெறும் ஆராய்ச்சிகள் பலவாகும். புதிய தடுப்பூசிகள், மரபணுச் சோதனைகள், நுண்கருவிகள் என்று அவற்றின் பட்டியல் நீளும். அவற்றுள் மிக எளிய ஒன்றே இவ்வுரையின் பொருள். எடை குறைந்து பிறந்த குழந்தையைப் பிறந்த சில மணி நேரத்திற்குள் தாயின் வெற்று மார்போடு அணைத்து, நாளின் பெரும்பகுதியும் அவ்வாறே வைத்திருத்தல் என்பதே அது. மருத்துவ உலகம் இதனைக் 'கங்காரு தாய்ப் பராமரிப்பு' என்று வழங்குகிறது. முற்றும் வளராமலே பிறக்கும் தன் குட்டியை வயிற்றுப் பையில் தாங்கி வளர்க்கும் விலங்கின் பெயரால் அமைந்த பெயர் இது. பாட்டிமார் அறிந்த செய்திதானே என்று தோன்றலாம். ஆயினும், இந்த எளிய செயல் எப்பொழுது தொடங்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே பல குழந்தைகளின் உயிர் நிற்கிறது என்பதை அண்மைக்கால ஆய்வு ஐயமற நிறுவியுள்ளது.

முதலில் சிக்கலின் அளவை அறிதல் வேண்டும். 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்தன என்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பங்கு கொண்ட ஆய்வின் மதிப்பீடு. பிறக்கும் பத்துக் குழந்தைகளுள் ஒன்று குறைமாதக் குழந்தை என்பது இதன் பொருள். இந்தியாவில் மட்டும் அவ்வாண்டு அவ்வாறு பிறந்தவை சுமார் 30 இலட்சம்; வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. ஐந்து வயதிற்குள் நேரும் இறப்புகளின் காரணங்களுள் குறைமாதப் பிறப்பின் விளைவுகளே இன்று முதலிடம் வகிக்கின்றன.

இக்குழந்தைகள் ஏன் இறக்கின்றன? நுரையீரல் முதிராமை, நோய்த்தொற்று ஆகியவற்றோடு குளிரும் ஒரு பெருங்காரணம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு எடையை நோக்கத் தோலின் பரப்பு மிகுதி. தோலுக்கு அடியில் கொழுப்போ மிகக் குறைவு. எனவே உடற்சூடு விரைந்து வெளியேறிவிடும். இழந்த சூட்டை ஈடுசெய்ய உடல் தன்னிடமுள்ள சிறிதளவு சர்க்கரையையும் உயிர்வளியையும் செலவிடும். சர்க்கரை குறைந்தால் சோர்வு மிகும், சோர்வு மிகுந்தால் பால் குடிக்கும் வலிமை போகும், மூச்சும் தளரும். ஒன்று மற்றொன்றை இழுத்துச் செல்லும் சங்கிலி இது. முதல் கண்ணியாகிய குளிரைத் தடுத்துவிட்டால் மற்றவற்றுள் பலவும் தடைப்படும்.

குளிரைத் தடுக்க மருத்துவம் கண்ட முதல் வழி இன்குபேட்டர் எனப்படும் வெப்பப் பெட்டி. பாரிஸ் நகரின் விலங்குப் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்ட ஸ்டெஃபான் தார்னியே என்னும் மகப்பேறு மருத்துவர், அதுபோன்ற ஒன்றைப் பச்சிளங்குழந்தைகளுக்காகச் செய்வித்து 1880ஆம் ஆண்டளவில் பயன்படுத்தினார். எண்ணற்ற உயிர்களைக் காத்த கருவி அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. தார்னியேயின் மாணவரான பியேர் புதேன், குழந்தையினின்றும் பிரித்து வைக்கப்பட்ட தாய்மாருள் சிலர் நாளடைவில் அக்குழந்தையின்பால் பற்று இழப்பதைக் கண்டு எழுதினார். பெட்டிக்குக் கண்ணாடிச் சுவர் வேண்டும், தாய் தன் சேயைப் பார்த்துக்கொண்டேனும் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பின்வந்த பல்லாண்டுகளில் மருத்துவமனைகள் அந்த எச்சரிக்கையைப் பெரிதும் மறந்தன. குழந்தை ஒரு தளத்தில், தாய் மற்றொரு தளத்தில் என்பதே வழக்கமாயிற்று.

இவ்வழக்கத்தை மாற்றியது வறுமை என்பது வியப்பிற்குரியது. தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டாவில், ஏழை மக்கள் நாடி வரும் பெரிய மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் வெப்பப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்த நேர்ந்தது, ஒன்றின் நோய் மற்றொன்றைப் பற்றியது, இறப்பு மிகுந்தது, கைவிடப்பட்ட குழந்தைகளும் பலர். 1978ஆம் ஆண்டில் எட்கர் ரேய் என்னும் குழந்தை மருத்துவர், ஓரளவு தேறிய குழந்தைகளைத் தாயின் மார்பில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டி, தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் செய்து, விரைவில் வீட்டிற்கு அனுப்பத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் ஹெக்டர் மார்த்தினெஸ் அவரோடு இணைந்தார். பெட்டியில்லாக் குறைக்கு மாற்றாகப் பிறந்த இம்முறை, பின்னர் பல நாடுகளில் முறையாகச் சோதிக்கப்பட்டுத் தன்னளவிலேயே சிறந்த சிகிச்சை என்று நிலைபெற்றது. இந்திய அரசும் 2014ஆம் ஆண்டில் இதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

எனினும் ஒரு நிபந்தனை மட்டும் மாறாதிருந்தது. குழந்தையின் உடல்நிலை சீரடைந்த பின்னரே அதனைத் தாயிடம் தரலாம் என்பதே அந்நிபந்தனை. மூச்சும் நாடியும் நிலைகொள்ளும்வரை பெட்டியே பாதுகாப்பு என்று மருத்துவர் கருதினர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கருத்தில் ஒரு முரண் மறைந்திருந்தது. எடை குறைந்த குழந்தைகளின் இறப்பில் பெரும்பங்கு முதல் சில நாட்களிலேயே நேர்கிறது. சீரடையட்டும் என்று காத்திருந்த அந்த நாட்களே உயிர் போகும் நாட்களாகவும் இருந்தன. காக்கும் மருந்து கையில் இருந்தும், ஆபத்து கடந்த பின்னரே அது கொடுக்கப்பட்டு வந்தது எனலாம்.

இந்நிபந்தனை சரிதானா என்பதைச் சோதிக்க உலக சுகாதார நிறுவனம் முன்வந்தது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில் நாட்டிற்கு ஒன்றாக 5 மருத்துவமனைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இந்தியாவில் அது புது தில்லியின் சஃப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவிற்குக் குறையாமலும் 1.8 கிலோவிற்கு உட்பட்டும் பிறந்த 3211 குழந்தைகள், குலுக்கல் முறையில் இரு பிரிவாக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்குப் பழைய முறை: வெப்பப் பெட்டியில் சிகிச்சை, சீரடைந்த பின் தாயின் அணைப்பு. மற்றப் பிரிவினர்க்குப் பிறந்தவுடனேயே தாயின் மார்பு. அறுவை சிகிச்சையால் தாய் எழ இயலாதபோது பாட்டியோ வேறு உறவினரோ தாய்க்குப் பதிலாக அணைத்துக்கொண்டனர். மூச்சுக்கான உதவி, நோய்த்தொற்றுக்கு மருந்து முதலிய ஏனைய சிகிச்சைகள் யாவும் இரு பிரிவினர்க்கும் ஒன்றே.

இதற்காக மருத்துவமனைகளின் அமைப்பே மாற்றப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவிற்குள்ளேயே தாய்க்குக் கட்டில் இடப்பட்டது. தாய்க்கு வேண்டிய மருத்துவமும் அங்கேயே அளிக்கப்பட்டது. மருத்துவரும் செவிலியரும் குழந்தை தாயின் மார்பில் இருக்கும்போதே அதற்குரிய சிகிச்சையைச் செய்யப் பழகினர். புதிய முறையில் குழந்தைகள் தாயின் தோலோடு ஒன்றியிருந்த நேரம், தீவிர சிகிச்சைப் பிரிவில் நாளொன்றுக்கு 17 மணியை நெருங்கியது. பழைய முறையில் அது ஒன்றரை மணி அளவே.

முடிவு ஆய்வாளர் எதிர்பார்த்ததினும் தெளிவாக வந்தது. பழைய முறையில் 28 நாட்களுக்குள் இறந்த குழந்தைகள் நூற்றுக்கு 15.7, புதிய முறையில் 12.0. அதாவது இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆய்வைக் கண்காணித்த குழு இடையிலேயே கணக்கைப் பார்த்து, இனியும் ஒரு பிரிவினர்க்கு இந்நன்மையை மறுப்பது அறமன்று என்று கருதி, 4200 குழந்தைகளைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்த ஆய்வை முன்னதாகவே நிறுத்தச் செய்தது. இம்முடிவுகள் 2021ஆம் ஆண்டு மே மாதம் வெளியாயின. 2022ஆம் ஆண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது. எடை குறைந்த குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் இப்பராமரிப்பு பிறந்தபின் இயன்ற விரைவில் தொடங்கப்பட வேண்டும். நாளொன்றுக்கு 8 மணி முதல் 24 மணி வரை இயன்ற அளவு நீடிக்க வேண்டும் என்பதே இன்றைய நெறி.

இந்நன்மைக்கு ஆய்வாளர் கூறும் காரணங்கள் சில. தாயின் மார்பு குழந்தையின் வெப்பத்தைச் சீராகக் காக்கிறது. தாயின் உடலில் வாழும் தீங்கற்ற நுண்ணுயிர்கள் குழந்தையின் மேனியில் முதலில் குடியேறுவதால், மருத்துவமனையில் உலவும் கொடிய கிருமிகளுக்கு இடம் குறைகிறது. பலர் கை மாறுதலும் குறைகிறது. சீம்பால் விரைந்து கிடைக்கிறது. இவற்றிற்கெல்லாம் மேலாக, தன் சேயை இடைவிடாது உணர்ந்திருக்கும் தாய், அதன் மூச்சில் ஏற்படும் சிறு மாற்றத்தையும் செவிலியருக்கு முன்பே அறிகிறாள்.

மருத்துவமனைக்கு வெளியிலும் இது பயன் தருமா என்ற வினாவிற்கு ஹரியானா மாநிலக் கிராமங்களில் நடந்த ஆய்வு விடை தந்தது. ஒன்றரைக் கிலோ முதல் 2.25 கிலோ வரை எடையுள்ள 8402 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். பணியாளர்கள் வீடு தேடிச் சென்று தாய்க்கும் குடும்பத்தார்க்கும் முறையைக் கற்றுக்கொடுத்துத் துணை நின்ற குழுவில், முதல் 28 நாட்களின் இறப்பு சுமார் 30 விழுக்காடு குறைந்தது என்று 2019இல் அறிவிக்கப்பட்டது. பயன் குழந்தைப் பருவத்தோடு முடிவதுமில்லை. பொகோட்டாவில் 1993 முதல் 1996 வரை ஆய்விற்கு உட்பட்ட குழந்தைகளை இருபது ஆண்டுகள் கழித்துத் தேடிச் சென்று பார்த்தபோது, தாயின் மார்பில் வளர்ந்தவரிடையே பள்ளிக்கு வாராமை குறைந்தும், முரட்டுத்தனம் குறைந்தும் காணப்பட்டன.

இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். தானே மூச்சுவிட இயலாத குழந்தைக்கும், அதிர்ச்சி நிலையில் உள்ள குழந்தைக்கும், செயற்கைச் சுவாசக் கருவியில் உள்ள குழந்தைக்கும் வேறு சிகிச்சையே முதற்கண் தேவை. 1 கிலோவிற்குக் குறைந்த குழந்தைகள் அந்த ஐந்நாட்டு ஆய்வில் சேர்க்கப்படவில்லை. வெப்பப் பெட்டி தேவையற்றது என்று எவரும் கூறவில்லை. மருத்துவரின் கண்காணிப்போடு கூடிய அணைப்பே இங்குப் போற்றப்படுவது.

செய்முறை எளிது. குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் இடைத்துணியும் மட்டும் அணிவித்து, தாயின் மார்பகங்களுக்கு இடையே நெஞ்சோடு நெஞ்சு படிய நிமிர்த்தி வைத்தல் வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, மூச்சு தடைப்படாதவாறு முகவாய் சற்றே உயர்ந்திருத்தல் வேண்டும். கைகால்கள் மடங்கியிருக்க, அகன்ற துணியால் சுற்றிக் கட்டுதல் வேண்டும். தாய் சாய்ந்தவாறு உறங்கலாம். எழுந்து நடக்கவும் செய்யலாம். சப்பிக் குடிக்க வலுவில்லாத குழந்தைக்குப் பிழிந்தெடுத்த தாய்ப்பாலை, மருத்துவர் காட்டியவாறு பாலாடையால் புகட்டலாம்.

எளிய இச்செயலுக்குத் தடைகள் எங்கிருந்து வருகின்றன? சில வீட்டிலேயே தோன்றுகின்றன. இத்தனை சிறிய உயிரைத் தொடவே கூடாது என்னும் அச்சம் ஒன்று. பிள்ளை பெற்றவளைத் தீட்டு என்று ஒதுக்கி வைக்கும் வழக்கம் மற்றொன்று. பிள்ளையைச் சுமந்திருப்பவளிடமே வீட்டு வேலையையும் எதிர்பார்ப்பது பிறிதொன்று. நாளில் பதினைந்து மணி நேரம் ஒருத்தி குழந்தையைத் தாங்க வேண்டுமெனில், உலையை வேறொருவர் ஏற்ற வேண்டும். துணியை வேறொருவர் துவைக்க வேண்டும். அவள் குளிக்கவும் உண்ணவும் செல்லும்போது குழந்தையின் தந்தையோ பாட்டியோ மார்பில் ஏந்த வேண்டும். தந்தையின் மார்பும் குழந்தைக்குச் சூடு தரும் என்பதை ஆடவர் அறிதல் நலம்.

மற்றத் தடைகள் மருத்துவமனையில் உள்ளவை. தாய்க்குப் படுக்க இடமில்லை, மறைப்பிற்குத் திரையில்லை, அருகில் கழிப்பறையில்லை, துணைக்கு வந்த பாட்டிக்கு உணவில்லை. இங்கேதான் கொடையுள்ளம் கொண்டோர்க்குப் பணி காத்திருக்கிறது. மருத்துவமனைக்கு உதவ எண்ணுவோர் பெரும்பாலும் கருவிகளையே வழங்குகின்றனர். கருவியின்மேல் வழங்கியவர் பெயரைப் பொறிக்க இடமுண்டு. சாய்வு நாற்காலிக்கும் திரைச்சீலைக்கும் துணையிருப்போர் உண்ணும் உணவிற்கும் அத்தகைய பெருமை குறைவு. ஆயினும் இன்றைய அறிவியல் சுட்டும் தேவை அவையே. அடுத்த முறை ஒரு குழந்தைகள் பிரிவிற்கு எதை வழங்கலாம் என்ற பேச்சு எழும்போது, குழந்தையின் கட்டிலருகே தாய்க்கு இடம் உண்டா என்னும் வினாவை முதலில் கேட்டல் வேண்டும்.

ஐந்நாட்டு ஆய்வின் கணக்குப்படி, பிறந்தவுடனே மார்பில் சேர்க்கப்படும் ஒவ்வொரு 27 குழந்தைகளுக்கும் ஓர் உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது. எந்த உயிர் அது என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே இருபத்தேழு தாய்மார்க்கும் அருகில் இடம் வேண்டும். இருபத்தேழு வீடுகளிலும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் கைகள் வேண்டும். இச்செய்தியை அவையோர் தத்தம் இல்லங்களிலும் சுற்றத்தாரிடத்தும் கொண்டு சேர்ப்பார்களாக.