அயல்நாட்டில் நாணயம் பெறுதல்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மகனேனும் மகளேனும் கடல் கடந்து வாழாத இல்லம் இந்நாளில் நம்மிடையே அரிதாகிவிட்டது. அவர்களுட் பலர் குடியேறியுள்ள தேசம் கனடா. அங்கே உத்தியோகம் கிடைத்த சின்னாட்களில் வீடு வாங்க விழைகின்றனர். பாங்கியோ, 'உமக்கு இந்நாட்டில் கடன் வரலாறு இல்லை' என்று கையை விரிக்கின்றது. செய்தி கேட்ட பெற்றோர் மனம் நொந்து, பிதிரார்ஜித நிலத்தை விற்றேனும் பணம் அனுப்ப முற்படுகின்றனர். ஆதலின் இவ்விஷயத்தைக் குறித்துச் சில கூற எண்ணினேன்.

நாணயம் என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. காசு என்பது ஒன்று. சொன்ன சொல் தவறாமை என்பது மற்றொன்று. காசாகிய நாணயத்தை எந்நாட்டிற்கும் மாற்றிக்கொண்டு செல்லலாம். சொல்லாகிய நாணயமோ நம்மை அறிந்தார் உள்ள இடத்தன்றிச் செல்லாது. முன்னாளில் இரங்கூன் முகல் தெருவிலே நகரத்தார் எழுதிய உண்டியல் செல்லுபடியானது எதனால்? எழுதியவர் இன்ன ஊரார், இன்ன கடையார் என்பதை வாங்குவோர் அறிந்திருந்தமையால் அன்றோ?

கனடாவிலே அவ்வறிவு மனிதர் நெஞ்சில் இல்லை, ஏட்டில் உள்ளது. ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்னும் இரண்டு நிறுவனங்கள் ஒவ்வொருவரும் வாங்கிய கடனையும் திருப்பிய நாளையும் குறித்துவைக்கின்றன. 300 முதல் 900 வரை மதிப்பெண்ணும் இடுகின்றன. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் ஏற்பட்ட சிபில் நிறுவனமும் 300 முதல் 900 வரையே இடுகின்றது. எண் ஒன்றே, ஏடு வேறு. இங்கே 800 பெற்றவரும் அங்கே இறங்கிய நாளில் வெற்றேட்டுடனே நிற்கின்றார். இஃது அவமதிப்பன்று, அறியாமையே.

இவ்விடத்துப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். கடன்படாதவனே கண்ணியவான் என்பது நம் குடும்பங்களின் கொள்கை. அது நன்றே. ஆயினும் அவ்வேட்டிலே கடன்படாதவன் பெயரற்றவன். ஆகவே பிள்ளை கிரெடிட் கார்டு வாங்கினான் என்று கடிந்துகொள்ளாதீர்கள். முன்பணம் ஒன்றைப் பிணையாக வைத்துக்கொண்டு புதியவர்க்குக் கார்டு தரும் பாங்கிகள் அங்கு உண்டு. அதனைக்கொண்டு மளிகைச் சாமான் மட்டும் வாங்கி, அனுமதித்த தொகையில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்படாமல், மாதந்தோறும் தவணை நாளுக்கு முன் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் வட்டியில்லை. இது கடனன்று, சாட்சி தேடுதல் என்க. ஆயின் தவணை தவறினால் அக்குறை ஆறாண்டு வரை ஏட்டில் நிற்கும்.

இனி வீட்டு விலையைப் பார்ப்போம். விலையில் முதல் 5,00,000 டாலருக்கு நூற்றுக்கு 5 வீதமும், அதற்கு மேல் 15,00,000 டாலருக்கு உட்பட்ட பகுதிக்கு நூற்றுக்கு 10 வீதமும் கைப்பணம் வேண்டும். 5,00,000 டாலர் வீட்டிற்கு 25,000 போதும். ஆனால் கைப்பணம் நூற்றுக்கு 20-க்குக் குறைந்தால் அடமானக் காப்பீடு எடுத்தல் வேண்டும். இவ்வீட்டின் கடன் 4,75,000; காப்பீட்டுக் கட்டணம் நூற்றுக்கு 4 வீதம் 19,000 டாலர். இக்காப்பீடு காப்பது பாங்கியை, வீட்டுக்காரரை அன்று. இதனை அறியாதார் பலர்.

வரலாறு இல்லாதார்க்கு வழியே இல்லையோ எனின், உண்டு. 1946-இல் ஏற்பட்ட கனடா அரசாங்கத்தின் அடமான வீட்டுவசதிக் கழகம், புதிதாக வந்தோர் வேறு சான்று காட்டவும் இடந்தருகின்றது. ஓராண்டு வாடகையும் மின்சாரக் கட்டணமும் தவறாது செலுத்திய ரசீதுகள், தாய்நாட்டுப் பாங்கியின் நற்சான்றுக் கடிதம், தாய்நாட்டுக் கடன் அறிக்கை முதலியன அத்தகையன. ஆதலின் புறப்படுமுன்னரே பாங்கிக் கடிதத்தையும் சிபில் அறிக்கையையும் பெற்றுப் பெட்டியில் வைத்தல் அறிவுடைமை. வாடகையையும் ரொக்கமாகக் கொடாமல் பாங்கி வழியே செலுத்துக.

பெற்றோர் உதவுதல் குற்றமன்று. ஆனால் பணம் வந்த வழியைப் பாங்கி கேட்கும்; பெரும்பாலும் 90 நாள் கணக்கைக் காட்டவேண்டும். நன்கொடையாயின், திருப்பித் தரவேண்டுவதில்லை என்னும் கடிதமும் வேண்டும். ஆதலின் நிலத்தைக் கடைசி நேரத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு அனுப்பும் பணம், நிலத்தையும் போக்கி வீட்டையும் தாமதிக்கச் செய்யும். ஓராண்டு பொறுத்தால் பிள்ளையின் ஏடே பேசும். நிலம் எங்கே ஓடிவிடும்?

இரண்டு எச்சரிக்கைகள் சொல்லி முடிக்கிறேன். பொய்யான சம்பளக் கடிதம் ஆயத்தம் செய்து தருவோம் என்பாரை நெருங்கவே விடாதீர்கள். நாணயம் தேடப்போய் முதலடியிலேயே அதனை இழப்பதாகும். மற்றொன்று, உறவினர்க்காக அடமானப் பத்திரத்தில் உடன் கையெழுத்திடுவோர், முழுக் கடனுக்கும் தாமே பொறுப்பாளி என்பதை உணர்ந்து இடுக. அவர் தவறினால் இவர் ஏடும் கறைப்படும், உறவும் முறியும். தாட்சணியத்தால் இட்ட கையெழுத்து அண்ணன் தம்பியரைக் கோர்ட்டில் நிறுத்துதல் உலகில் புதிதன்று.

நம் முன்னோர் நாணயத்தை ஒரு நாளில் ஈட்டினாரல்லர். நம் மக்களும் புதிய நாட்டில் அதனைச் சிறுகச் சிறுக ஈட்டுவாராக. அதுவரை பொறுத்திருத்தலே ஊரிலுள்ள நாம் அவர்க்குச் செய்யும் பேருதவி.