பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுத

(மீரியபெத்தவில் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரான எமது சங்க அமைப்பாளர் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். இதுவும் சங்க வேலைதான்.

1893ஆம் ஆண்டு வட இந்தியாவில் தோதாராம் சனாத்தியா என்ற ஏழை இளைஞர் வேலை தேடி வீட்டை விட்டுப் புறப்பட்டார். நம் முன்னோருக்குக் கங்காணி போல, அங்கே ஆள்பிடிப்பவர்கள் இருந்தார்கள். நல்ல வேலை என்று ஆசை காட்டி, கல்கத்தாவில் கப்பலேற்றி, பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். குடியிருக்க லயம். கொடுத்த ரேஷன் வாரம் முடியும் முன்பே தீர்ந்துவிடும். மிச்ச நாள் பட்டினி.

ஒப்பந்தம் முடிந்த பிறகு அவர் அங்கேயே பயிர் செய்தார். மற்றத் தொழிலாளரின் குறைகளையும் எடுத்துப் பேசினார். எங்களுக்காக வாதாட ஒரு வழக்கறிஞரை அனுப்புங்கள் என்று காந்தியிடம் கேட்டவர்களில் அவரும் ஒருவர். 1912இல் மணிலால் டொக்டர் பிஜிக்கு வந்து சேர்ந்தார்.

1914இல் தோதாராம் ஊர் திரும்பினார். மனம் நிறையக் கதை இருந்தது. ஆனால் அவர் எழுத்தாளர் அல்ல. பிரோசாபாத்தில் பனாரசிதாஸ் சதுர்வேதி என்ற இளம் ஆசிரியர் அவரைச் சந்தித்தார். தோதாராம் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். ‘பிஜித் தீவில் எனது 21 வருடங்கள்’ என்ற இந்திப் புத்தகம் அப்படித்தான் பிறந்தது. ஆசிரியர் பெயராகத் தோதாராமின் பெயரே நின்றது.

அந்தப் புத்தகத்தில் குந்தி என்ற பெண்ணின் கதை வருகிறது. 1913இல் அவளைத் தனியாக ஓரிடத்தில் வேலைக்கு விட்டார்கள். அங்கே வந்த வெள்ளைக்கார மேற்பார்வையாளனிடமிருந்து தப்ப அவள் ஆற்றில் குதித்தாள். இந்தியாவெங்கும் ஜனங்கள் கொதித்தார்கள். நம் பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடியதும் பிஜித் தீவுப் பெண்களின் துயரத்தைத்தான். புத்தகம் வேறு மொழிகளிலும் வந்தது, கூட்டங்களில் பேசப்பட்டது. 1917இல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் அனுப்புவது நின்றது. 1920 ஜனவரி 1ஆம் திகதி பிஜியில் மீதியிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. புத்தகம் மட்டும் இதைச் சாதிக்கவில்லை, பலர் போராடினார்கள். ஆனால் போராடியவர்களின் கையில் ஒரு தொழிலாளியின் வாக்குமூலம் இருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. தோதாராம் சொன்னது முழுவதும் அந்தப் புத்தகத்தில் வரவில்லை. ஒப்பந்தக் கூலியை ஒழிக்கும் பிரசாரத்துக்கு உதவுவதை எடுத்தார்கள், மற்றதை விட்டார்கள். தோட்டத்து மக்களின் சாமி கும்பிடு, சடங்கு, அவர்களுக்குள் நடந்த சண்டை சச்சரவு போன்ற பல பகுதிகள் 1994இல்தான் இந்தியில் நூலாயின. எண்பது வருடம் கழித்து! பசியும் தனிமையும் தாங்காமல் லயத்தில் அவர் உயிரை விடத் துணிந்த இரவையும் அந்த முதல் புத்தகத்தில் காண முடியாது. அன்று கதவைத் தட்டி, பிறகு உணவு கொண்டுவந்து கொடுத்தவர்கள் அந்தத் தீவின் பூர்வ குடிகள். அந்த மனிதர்களின் நல்ல மனமும் அந்தப் புத்தகத்துக்கு வெளியேதான் நின்றது.

இனி நம் கதைக்கு வருவோம். நம்மவர்கள் மண்டபம் கடந்து, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கல்லறை இல்லை. உயிரோடு வந்தவர்களின் பெயரும் கடனும் துரையின் கணக்கில் ஏறின. 1948இல் குடியுரிமை போனது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று இரண்டு அரசாங்கங்கள் பங்கு பிரித்தன. இந்தக் கணக்கெல்லாம் எழுத்தில் இருக்கிறது. அண்ணன் கப்பலேறிய நாளில் தம்பி என்ன சொன்னார் என்பது எங்கே இருக்கிறது? நம் தாத்தா, அப்பாயி மனதில் மட்டும்தான்.

2014 ஒக்டோபர் 29 காலையில் இங்கே என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மண் சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் படம் எல்லாம் போயின. சான்றிதழுக்குப் பிரதி எடுக்கலாம். போன பெரியவர்களின் வாயிலிருந்த கதைக்குப் பிரதி கிடையாது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். உயர்தரம், சாதாரண தரம் படிக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு பெரியவரிடம் உட்காருங்கள். ஃபோனில் பதிவு செய்யுங்கள், கொப்பியில் எழுதுங்கள். “உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள்” என்று கேட்காதீர்கள். கேட்டால் கூட்டத்தில் பேசுவதைத்தான் சொல்வார்கள். “முதல் நாள் மலைக்கு யார் கூட்டிப் போனது? எதற்கு அரைப்பேர் போட்டார்கள்? பிள்ளையை யாரிடம் விட்டீர்கள்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் வார்த்தையையே எழுதுங்கள். இலக்கணம் திருத்துகிறோம் என்று அப்பாயியின் பேச்சைப் பாடப்புத்தகம் ஆக்கிவிட வேண்டாம்.

எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். வெட்டச் சொல்லும் உரிமை அவர்களுக்கு மட்டும்தான். நமக்குக் கிடையாது. நம் கங்காணி நம் ஆட்களையே ஏமாற்றியதைச் சொல்லலாம். வீட்டுக்குள் குடியையும் அடியையும் சொல்லலாம். சாதியைச் சொல்லலாம். சங்கம் கைவிட்ட நாளையும் சொல்லலாம். அதையும் எழுதுங்கள். கோரிக்கைக்கு உதவாது என்று நாம் தள்ளுவதைத்தான் நாளை நம் பேரப்பிள்ளைகள் தேடுவார்கள். உயிரோடிருக்கும் ஒருவருக்குப் பாதகம் வருமென்றால் மட்டும், சொன்னவரிடம் கேட்டுப் பெயரை மாற்றலாம்.

மலையகத்துக்கு இது புதிதல்ல. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன தொழிற்சங்கவாதி சி.வி. வேலுப்பிள்ளை, நம் மக்களின் பாடல்களைக் கேட்டுச் சேகரித்துப் புத்தகமாக்கினார். அவர் சேர்த்திராவிட்டால் அவற்றில் எத்தனை இன்று நமக்குக் கிடைத்திருக்கும்?

சேரும் கதைகளை முதலில் இந்தச் செய்தி மடலில் ஒவ்வொன்றாகப் போடுவோம். பிறகு நூலாக்குவோம். அட்டையில் சொன்னவரின் பெயர். உள்ளே சிறு எழுத்தில் எழுதிய பிள்ளையின் பெயர். ஒரு பிரதி தேசிய நூலகத்துக்கு, ஒன்று இணையத்தில் தமிழ் நூல்களைக் காத்துவரும் ‘நூலகம்’ நிறுவனத்துக்கு, ஒன்று நம் பாடசாலைக்கு. முதல் பிரதி, சொன்னவரின் கையில். வாசிக்கத் தெரியாதவராக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவோம்.

பெரியவர்களே, “நம்ம கதையில என்ன இருக்கு” என்று தட்டிக் கழிக்காதீர்கள். தோதாராமும் ஒரு தோட்டத் தொழிலாளிதான்.

கொப்பிகள் சங்கக் காரியாலயத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். எண்பது வயது தாண்டியவர்களிடம் இந்த வாரமே போங்கள்.