இன்று ஒரு தகவல்: ஊரோடு ஒரு வேலை

விழுப்புரத்திலிருந்து சென்னை சுமார் 160 கிலோமீட்டர், திண்டிவனத்திலிருந்து 120. டிபன் பாக்ஸும் கையுமாக விடியுமுன் ரயிலேறுகிறவர்கள், உள்ளூரைவிடச் சம்பளம் கூடுதல் என்றுதான் போகிறார்கள். அந்தக் கூடுதல், அலைச்சலுக்கு ஈடாகிறதா? ஜெர்மானியர்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து ஸ்டட்சர், ஃபிரே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2008-இல் வெளியிட்ட கட்டுரை, இல்லை என்கிறது: பயண நேரம் கூடக்கூட மனநிறைவு குறைந்தது, சம்பளம் அதைச் சரிக்கட்டவில்லை. வீட்டுக் கடனும் பிள்ளைகள் ஃபீஸும் இருக்கிறதே என்பீர்கள். நியாயம்தான், கடன் கழுத்தை நெரித்தால் கணக்கே வேறு. மற்றவர்கள், சம்பளத்தில் பயணச் செலவையும் வெளிச்சாப்பாட்டையும் கழித்து, மிச்சத்தைப் போய்வரும் நேரமும் சேர்ந்த மொத்த மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். திண்டிவனத்துக் கடையில் கணக்கெழுதும் வேலை அப்படியொன்றும் மட்டமாகத் தெரியாது. உள்ளூர் முதலாளிகளிலும் சிடுமூஞ்சிகள் உண்டு, விசாரித்துவிட்டே சேருங்கள்.