காந்தத்துக்குள் முதலில் போனவர்கள்



மருத்துவ இயற்பியலும் கதிரியல் தொழில்நுட்பமும் படித்து முடித்து இன்று பட்டம் பெறும் உங்களிடம், எம்.ஆர்.ஐ. ஆய்வுக்கூடத்திலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவளாகப் பேச வந்திருக்கிறேன்.

இந்தக் கருவியின் வரலாற்றை நோபல் பரிசின் கதையாகப் படித்திருப்பீர்கள். 2003-இல் பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் பரிசு கிடைத்தது. ரேமண்ட் டமேடியன் தம்மை விட்டுவிட்டார்கள் என்று நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. அந்தக் கதையில் என் மனதில் நிற்பவர் ஒரு மாணவர். பெயர் லாரி மின்காஃப்.

1977, நியூயார்க்கின் புரூக்ளின். டமேடியனும் மின்காஃபும் இன்னொரு மாணவரான மைக்கேல் கோல்ட்ஸ்மித்தும் ஒரு முழு மனிதர் உள்ளே போகுமளவு பெரிய காந்தத்தைத் தாங்களே கட்டினார்கள். கம்பியைக்கூடத் தாங்களே சுற்றினார்கள். முதலில் ஆசிரியரான டமேடியன் உள்ளே போனார். சிக்னல் வரவில்லை. அவருடைய பருத்த உடம்புக்கு, சிக்னலை வாங்கும் கம்பிச்சுருளான காயில் ஒத்துவரவில்லை. ஆசிரியருக்கு ஏதும் ஆகவில்லை என்பதைச் சில வாரம் பார்த்த பிறகு, ஒல்லியான மின்காஃப் சம்மதித்தார். ஜூலை 3 அன்று கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் அவர் உள்ளே இருந்தார். உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, புள்ளி புள்ளியாக அளந்து, நெஞ்சின் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படத்தை எடுத்தார்கள். இன்று நீங்கள் கன்சோலில் பார்த்தால் இதென்ன படம் என்று கேட்பீர்கள். உயிரோடு இருக்கும் மனித நெஞ்சுக்குள் இந்த வழியில் பார்த்த முதல் பார்வை அதுதான்.

அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் மேன்ஸ்ஃபீல்டு தம் வயிற்றைப் படமெடுக்கத் தாமே உள்ளே போனார். ஆபத்து இருக்கலாம் என்று எச்சரித்திருந்தார்கள். வேறொருவரை அனுப்பியிருக்கலாம். அவர் அனுப்பவில்லை.

லாட்டர்பரின் துணிவு வேறு வகை. ஸ்டோனி புரூக்கில் வேதியியல் துறைக்குப் பொதுவாக இருந்த கருவியை ராத்திரியில் எடுத்துக்கொள்வார். தமக்கேற்ப அமைப்புகளை மாற்றி வேலை செய்வார். விடிவதற்குள் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டுப் போவார். கனநீருக்குள் வைத்த இரண்டு சிறு நீர்க்குழாய்களின் படம் அப்படித்தான் பிறந்தது. நேச்சர் இதழ் முதலில் அதைத் திருப்பி அனுப்பியது. பிறகு 1973-இல் வெளியிட்டது. பகலெல்லாம் நோயாளிகளுக்குப் போன ஸ்கேனரில் ராத்திரி நேரம் கேட்டுக் காத்திருந்த உங்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

பிரான்சில் சாக்லே என்ற இடத்தில் 132 டன் எடையும் 11.7 டெஸ்லா வலிமையும் கொண்ட இசூல் என்ற காந்தம் இருக்கிறது. இத்தனை பெரிய காந்தத்துக்குள் 2021-இல் முதலில் வைத்தது ஒரு பூசணிக்காயை. மனித மூளைப் படங்கள் 2024-இல்தான் வந்தன. அந்த இடைவெளியை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஏனென்றால் காந்தம் உறங்குவதில்லை. நம் மருத்துவமனை ஸ்கேனர்களில், மைனஸ் 269 டிகிரியில், திரவ ஹீலியத்துக்குள், மின்சாரம் கம்பியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஸ்கேன் நடக்காத நடுநிசியிலும் 1.5 டெஸ்லா இருக்கும். அது பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறக்குறைய முப்பதாயிரம் மடங்கு. 2018 ஜனவரியில் மும்பையில் உறவினரின் ஸ்கேனுக்குத் துணைக்கு வந்த ஓர் இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனார். உயிரோடு திரும்பவில்லை. அறைக் கதவில் நிற்கப்போகிறவர்கள் நீங்கள்.

நான் மாணவியாக இருந்தபோது ஒரு மருத்துவமனையில் நடந்தது. இடுப்புவலியோடு வந்த ஓர் அம்மா. தாலிக்கொடியில் நான்கைந்து ஊக்குகள் கோத்திருந்தார். நம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள், அவசரத்துக்கு உதவுமென்று கோத்து வைப்பது. "கழற்றுங்க, இல்லேன்னா கிளம்புங்க" என்று டெக்னீஷியன் அதட்டினார். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, பறப்பது ஊக்குதான் என்று எனக்குத் தெரியும். தங்கமும் உள்ளே போகக்கூடாது, உலோகம் சூடேறும், படமும் கெடும் என்பதும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் விளக்கியிருக்கலாம். பேசாமல் நின்றேன். அந்த அம்மா எழுந்து போய்விட்டார். வார்டு ஆயா ஒருவர்தான் பின்னால் ஓடி, மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டி, கணவர் கையாலேயே அவர் கழுத்தில் போடவைத்துக் கூட்டிவந்தார். நாற்பது நிமிடம் அந்த அம்மா அசையாமல் படுத்திருந்தார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டது: "ஆடாம இருந்தேனாம்மா? படம் நல்லா வந்துச்சா?"

படத்தின் தரத்தில் பாதி, உள்ளே இருப்பவர் தருவது. அவர் அசைந்தால் நம் சீக்வென்ஸ் எவ்வளவு நுட்பமானதானாலும் படம் கலங்கிவிடும். அன்றிலிருந்து நான் வேலை பார்த்த எல்லாக் கூடங்களிலும் அலமாரியில் மஞ்சள் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. 1980 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஜான் மல்லார்டின் குழு, நோயாளி ஒருவரின் முழு உடலை மருத்துவருக்குப் பயன்படும்படி முதன்முதலில் படமெடுத்தது வெறும் 0.04 டெஸ்லாவில். அங்கே பில் எடெல்ஸ்டீனும் ஜிம் ஹட்சிசனும் உருவாக்கிய ஸ்பின்-வார்ப் முறைதான் இன்றும் நம் ஸ்கேனர்களில் ஓடுகிறது. பிறகு எல்லோரும் பெரிய காந்தத்தைத் தேடி ஓடினோம். 2020-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, கட்டிலருகே தள்ளிக்கொண்டு போகும் ஸ்கேனர் 0.064 டெஸ்லாதான். ஹீலியம் வேண்டாம், தனி அறை வேண்டாம். படம் மங்கல், அதில் சந்தேகமில்லை. அந்த மங்கலைத் தெளிவாக்கும் கணக்கு இன்னும் முடியவில்லை. ஒரு ஸ்கேனுக்காக விடிகாலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருகிறவர்களின் ஊரில் நீங்கள் அதை முடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், ஸ்கேனர் காலியாக இருக்கும் ஒரு மாலையில், உடன் வேலை செய்பவரிடம் சொல்லி நீங்களே உள்ளே படுங்கள். தலைக்காயிலை மாட்டி, காதை அடைத்து, அழைப்பு பல்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நாற்பது நிமிடம். மூக்கு நுனியில் அரிப்பெடுக்கும். சொறியாதீர்கள்.