மறைந்த ஒலிவாங்கி

திருவனந்தபுரத்துக்கு ஒலிபரப்பு புதியதன்று. திருவிதாங்கூர் அரசு 1943-இல் இங்கு வானொலி நிலையம் கண்டது. 1950-இல் அஃது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. அந்நாளில் ஒலி நின்றால் பொறியாளர் எழுந்து சென்று கம்பியைத் தொட்டுப் பார்ப்பார். இன்றோ இயந்திரம் ஓரூரில், இயக்குபவர் வேறூரில். 2020 ஜூன் முதல் நாள் இந்நகரின் கைட் விக்டேர்ஸ் அலைவரிசை பள்ளிப் பாடங்களை வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கிற்று. தமிழ்வழி பயிலும் பிள்ளைகளுக்கும் பாடங்கள் ஆயத்தமாயின. படம் மட்டும் வந்து குரல் வாராதிருப்பின் மூணாற்றுச் சிறுவனுக்கு அதனால் என்ன பயன்?

நாம் மொழிபெயர்ப்புத் தொழிலினர். பொறியியல் பயின்றோம் அல்லோம். ஆயினும் இந்நகரின் தமிழன்பர் குழு ஒன்றில் நேர்ந்ததை அருகிருந்து கண்டோம். செங்கோட்டையில் பிறந்த முதியவர் ஒருவர், 1956-க்கு முன் திருவிதாங்கூர்-கொச்சிப் பள்ளியில் தாம் தமிழ் கற்ற வரலாற்றைப் பேச இசைந்திருந்தார். தில்லியிலும் மும்பையிலும் உள்ள உறவினர் கேட்கக் காத்திருந்தனர். அவர் மறுமுறை மேடையேறுவார் என்பதற்கு உறுதியில்லை.

படத்தையும் குரலையும் சுருக்கி இணையவழி அனுப்பும் கணிப்பொறியை ‘என்கோடர் சர்வர்’ என்கின்றனர். ‘குறியாக்க வழங்கி’ என்று நாம் எழுதுகிறோம். அச்சொல் இன்னும் நாவில் படியவில்லை. அதனைப் பெங்களூரிலிருந்து ஓர் இளைஞர் ‘ரிமோட் டெஸ்க்டாப்’ வழியே இயக்கினார். முன்னாள் மாலை ஒத்திகையில் படம் வந்தது. ஒலிக்கருவிப் பட்டியலில் மைக்கைக் காணோம். கம்பியை இருமுறை மாற்றினர். டிரைவரை நீக்கி மீண்டும் பதித்தனர். புதிய சவுண்ட் கார்டு வாங்கக் கடைக்குப் புறப்படும் வேளையில், மாணவி ஒருத்தி பெங்களூர் இணைப்பை விலக்கச் சொல்லி, இயந்திரத்தின் முன் தானே அமர்ந்து உள்நுழைந்து பார்த்தாள். மைக் பட்டியலில் இருந்தது! பெங்களூர்க்காரர் மீண்டும் நுழைந்தார், மறைந்துவிட்டது. இச்சோதனையை முதலில் செய்திருந்தால் ஒரு மாலைப்பொழுது மிஞ்சியிருக்கும்.

காரணம் இதுதான். தொலைவிலிருந்து நுழைபவருக்கு விண்டோஸ் தனியே ஓர் அமர்வை அமைக்கிறது. இயல்பான ஏற்பாட்டில், அவ்வமர்வுக்கு வழங்கியின் சொந்த ஒலிக்கருவிகளைக் காட்டாமல், ஒலியை நுழைந்தவரின் கணிப்பொறிக்கே கொண்டு செல்லும் ‘ரிமோட் ஆடியோ’ என்ற ஒன்றையே காட்டுகிறது. கருவி பழுதன்று, கண்ணுக்குத் திரையிட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

தீர்வும் எளிது. இணையுமுன் இணைப்புப் பெட்டியில் ‘லோக்கல் ரிசோர்சஸ்’ என்ற பகுதிக்குச் சென்று, ஒலி அமைப்பில் ‘பிளே ஆன் ரிமோட் கம்ப்யூட்டர்’ என்பதைத் தேர்தல் வேண்டும். இங்கே மொழிபெயர்ப்பாளன் திகைக்கிறான். பட்டியலில் ‘ரிமோட்’ என்றால் பெங்களூர். இணைப்புப் பெட்டியில் ‘ரிமோட்’ என்றால் திருவனந்தபுரம். இரண்டையும் ‘தொலை’ என்றே பெயர்த்தால் படிப்பவர் எவ்வூரைக் கொள்வார்? வெளிமாநிலத்தில் வாழும் உங்களுக்கு இவ்வையம் புதியதாயிராது. தொலைவில் இருப்பது நீங்களா, ஊரா என்பது பேசுபவர் நிற்கும் இடத்தைப் பொறுத்ததன்றோ!

அமைப்பை மாற்றி நுழைந்து, குறியாக்க நிரலையும் மூடித் திறந்தனர். பல நிரல்கள் தொடங்கும்போது மட்டுமே கருவிகளைக் கணக்கெடுக்கும். மைக் தோன்றிற்று. மறுநாள் முதியவரின் குரல் தில்லி சென்றது. நடுவே அவர் இருமியதும் சென்றது.

உங்கள் சங்கங்களில் இவ்வாறு நேர்ந்தால் இன்னும் இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் சர்வர் வகையாயின் ‘விண்டோஸ் ஆடியோ’ என்னும் சேவை தொடக்கத்தில் நிறுத்தப்பட்டிருக்கலாம். அதனை இயக்கித் தானே தொடங்குமாறு அமைக்க வேண்டும். மேற்சொன்ன தேர்வு நுழைபவரின் கணிப்பொறியில் பதிவாவது, வழங்கியில் அன்று. ஆதலின் நிகழ்ச்சிக்கிடையே மும்பையிலிருந்து வேறொருவர் பொறுப்பேற்பதாயின், அவரும் தம் பெட்டியில் அதனை மாற்றிய பின்னரே நுழைய வேண்டும்.