முதற்பாட்டும் வழிப்பாட்டும்

நூல்களை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்தார் தொல்காப்பியர். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என வழிநூலுக்கு நான்கு வகையும் கூறினார். முதல்நூல் இருக்க வழிநூல் எதற்கு என்று அவர் வினவவில்லை. வழிநூலுக்கும் இலக்கணம் உண்டு, மதிப்பும் உண்டு என்பது அவர் கருத்து.

ஒருவர் பாடி வெளியிட்ட பாட்டை மற்றொருவர் மீண்டும் பாடி இசைத்தட்டாக்குவதை மேலை இசையுலகினர் 'கவர் வெர்ஷன்' என்பர். தமிழில் அதனை வழிப்பாட்டு எனலாம். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எழுந்த சில வழிப்பாட்டுகள் கவிஞர்களுக்குரிய ஒரு வினாவை எழுப்புகின்றன. பாட்டு யாருக்கு உரியது? யாத்தவருக்கா, பாடியவருக்கா?

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் 1965இல் 'ரெஸ்பெக்ட்' என்னும் பாட்டை எழுதிப் பாடினார். உழைத்துப் பொருளோடு வீடு திரும்பும் ஆண் தன் துணைவியிடம் மதிப்பை வேண்டுகிறான். பாட்டின் பொருள் அவ்வளவே. 1967 பிப்ரவரி 14ஆம் நாள் அரீதா ஃபிராங்க்ளின் அதே பாட்டை நியூயார்க்கில் பதிவு செய்தார். பாடுபவர் பெண்ணானதும் பாட்டின் திசையே மாறிற்று. ஆண் கேட்ட மதிப்பைப் பெண் கேட்டாள். கெஞ்சிய குரல் கட்டளைக் குரலாயிற்று. தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்லும் பகுதி ரெடிங்கின் பாட்டில் இல்லை. அது அரீதாவின் பாட்டில் புதிதாகச் சேர்ந்தது. இன்று அப்பாட்டை நினைப்போர் முதலில் நினைப்பது அப்பகுதியைத்தான். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பாட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் பெண்ணுரிமை இயக்கமும் அதனைத் தம் பாட்டாக ஏற்றுக்கொண்டன. அதே ஜூன் மாதம் மான்டரே இசைவிழா மேடையில் ரெடிங், ஒரு பெண் இப்பாட்டைத் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டதாக நகைச்சுவையோடு கூறினார். அவ்வாண்டு டிசம்பர் 10ஆம் நாள் விமான விபத்தில் அவர் மறைந்தபோது அவருக்கு வயது 26.

இனி மற்றொன்று. பாப் டிலன் 1967 நவம்பரில் நாஷ்வில் நகரில் 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' பாட்டைப் பதிவு செய்தார். கிட்டார், ஹார்மோனிகா, அடக்கமான தாளம் என எளிய இசையமைப்பு. விவிலியத்தின் ஏசாயா நூலை நினைவூட்டும் காவற்கோபுரமும் குதிரை வீரர்களும் அதில் வருகின்றனர். வரவிருக்கும் அழிவைப் பாட்டு தாழ்ந்த குரலில் அறிவித்து நின்றுவிடுகிறது. சில வாரங்களிலேயே, 1968 ஜனவரியில், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இலண்டனில் அதனைத் தம் மின்கிட்டாரில் எடுத்தாண்டார். டிலன் சொல்லால் குறித்த புயலை அவர் ஒலியால் வீசச் செய்தார். தொல்காப்பியர் கூறிய விரித்தல் இதுவே எனலாம். ஹென்ட்ரிக்ஸ் 1970இல் மறைந்தபின், டிலன் தம் மேடைகளில் அப்பாட்டை ஹென்ட்ரிக்ஸின் போக்கிலேயே பாடலானார். முதல்நூலாசிரியர் வழிநூலாசிரியரிடம் பாடம் கேட்ட அரிய நிகழ்ச்சி இது. அந்த டிலனே 2016இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

சொல்லைப் பெரிதும் தொடாமல் நடையை மாற்றியே புதுப்பாட்டுச் செய்தவர் ஜோ காக்கர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் எரிவாயுக் குழாய் பொருத்தும் தொழில் செய்தவர் அவர். பீட்டில்ஸ் குழுவினரின் 1967ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் ரிங்கோ ஸ்டார் விளையாட்டாகப் பாடிய, நண்பர்களின் துணையைப் போற்றும் பாட்டை, காக்கர் மறு ஆண்டே எடுத்துக்கொண்டார். நான்கின் நடையில் துள்ளிய பாட்டை மும்மை நடையில் தாழ்த்தி இழுத்தார். எளிய நட்புரை, வீழ்ந்தவன் கைநீட்டும் கதறலாயிற்று. 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் திடலில் அவர் அதனைப் பாடிய காட்சி திரைப்படமாகவும் நிலைத்தது. யாப்பு மாறினால் பொருளும் மாறும் என்பதைக் கவிஞர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயின் வழிப்பாட்டு எல்லாம் போற்றத்தக்கதா? 1950களில் கறுப்பினக் கலைஞர் பாடிய பாட்டுகளை வெள்ளையினப் பாடகர் மென்மையாக்கிப் பாடினர். லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி'யைப் பாட் பூன் பாடியபோது, பொது விற்பனைப் பட்டியலில் நகலே மூலத்தைவிட மேலிடம் பெற்றது. அங்கே வழிப்பாட்டு முதற்பாட்டை மறைத்தது. அரீதாவும் ஹென்ட்ரிக்ஸும் காக்கரும் செய்ததோ முதற்பாட்டில் உறங்கிய பொருளை எழுப்பியது. முன்னது மூடுதல், பின்னது திறத்தல். வேறுபாடு இவ்வளவே, ஆயினும் பெரிது.

உரிமை குறித்து இன்னொரு செய்தியும் உண்டு. 1909 முதல் அமெரிக்கச் சட்டம் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. பாட்டு ஒன்று உரியவர் இசைவுடன் ஒருமுறை பதிவாகிவிட்டால், குறித்த தொகையைச் செலுத்தி எவரும் அதனைப் பதிவு செய்யலாம். 1960களில் அத்தொகை படி ஒன்றுக்கு 2 சென்ட். எழுதியவரை இச்சட்டம் காத்தது. பாடியவரைக் காக்கவில்லை. அமெரிக்க வானொலி நிலையங்கள் பாட்டை ஒலிபரப்பும்போது எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் தொகை உண்டு, பாடியவருக்கு இல்லை. ஆகவே அரீதாவின் குரல் வானொலியில் ஒலிக்குந்தோறும் ரெடிங்கின் பெயருக்கு உரிமைத்தொகை சேர்ந்தது. அரீதாவுக்கு ஒன்றும் சேரவில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் மின்னியல் ஒலிபரப்புக்கு மட்டும் பாடகருக்குப் பங்கு அளித்தது. 1972க்கு முந்திய பதிவுகளுக்கும் அப்பங்கை உரியதாக்கிய சட்டம் 2018 அக்டோபரில் கையொப்பமாயிற்று. அரீதா அதற்கு இரண்டு திங்கள் முன்னரே, ஆகஸ்ட் 16இல், மறைந்துவிட்டார்.

எழுதியவருக்குத் தொகை சேர்ந்தது அநீதியன்று. அது அவருக்கு உரியது. பாட்டுக்கு உரியவர் ஒருவரே என்று எண்ணியதுதான் குறை. யாத்தவர் விதை தந்தார். பாடியவர் நிலமும் நீரும் தந்தார். விளைச்சலில் இருவருக்கும் பங்குண்டு.

பிறர் கவிதையை மேடையில் உரக்கப் படிப்பதும், பிறமொழிக் கவிதையைத் தமிழாக்குவதும், பழம்பாட்டைப் புதுப்பொருளில் எடுத்தாள்வதும் இலக்கிய வட்டங்களின் அன்றாடப் பணிகள். அங்கெல்லாம் கவிஞர் பெயரை மறவாதிருப்பது முதற்கடன். மொழிபெயர்த்தவர் பெயரையும் குரல் கொடுத்தவர் பெயரையும் அதன் அருகே எழுதுவது இரண்டாம் கடன். இரண்டாம் கடன் பெரும்பாலும் எழுதப்படாமலே போகிறது. பத்தாண்டு நிறைந்த வட்டம் பதினோராம் ஆண்டில் அதனை எழுதத் தொடங்குமாயின், முதற்பாட்டும் வாழும்; வழிப்பாட்டும் வாழும்.