செயலியும் அமானிதமும்

(நமது பள்ளிவாசல் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

கைப்பேசியைப் பற்றி இம்மேடையில் பேசினால், இளைஞர்களைக் கண்டிக்கப் போகிறோம் என்றே நீங்கள் நினைப்பீர்கள். இன்று அதற்காக வரவில்லை. கைப்பேசியைக் கொண்டு நம் மஹல்லாவில் நடந்த ஒரு நற்செயலையும், அதில் ஏற்பட்ட ஒரு பிழையையும், அப்பிழையில் நமக்கிருந்த பங்கையும் எடுத்துரைக்கவே வந்திருக்கிறோம்.

நம் மஹல்லாவில் ஓர் இளைஞர் இருக்கிறார். கடையில் வேலை பார்ப்பவர். கணினி கற்றவர் அல்லர். வீட்டில் கணினியும் இல்லை. இஷாத் தொழுகைக்குப் பின் நான்கு இரவுகள் விழித்திருந்து, தம் கைப்பேசியிலேயே ஒரு செயலியை உருவாக்கினார். இறந்தவர் விட்டுச்சென்ற உறவினர் யார் யார், சொத்து எவ்வளவு என்று குறிப்பிட்டால், ஃபராயிள் சட்டப்படி ஒவ்வொருவருக்கும் உரிய பங்கை அது சொல்லிவிடும்.

இது எவ்வாறு இயன்றது? 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததிலிருந்து, செயற்கை நுண்ணறிவுடன் உரையாடும் வசதி எளியோர் கைக்கும் வந்துவிட்டது. தமக்கு என்ன வேண்டும் என்பதை அவர் தமிழிலேயே எழுதினார்; இயந்திரம் அதற்குரிய நிரலை எழுதித் தந்தது. அதைக் கைப்பேசியில் ஒரு கோப்பாகச் சேமித்துத் திறந்தார், செயலி ஓடியது. பிடிக்காத இடத்தைச் சொன்னார், இயந்திரம் திருத்தியது. நிரலைப் படித்தறியாமல் பேச்சினாலேயே செயலி செய்யும் இம்முறைக்கு 2025 பிப்ரவரியில் ஆந்திரே கர்பாதி என்னும் அறிஞர் 'வைப் கோடிங்' என்று பெயரிட்டார். அவ்வாண்டின் சொல்லாக அதனை காலின்ஸ் அகராதி தேர்ந்தெடுத்தது.

இத்துறை நமக்கு அந்நியமானது என்று எண்ணிவிட வேண்டாம். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி அவர்களின் பெயரிலிருந்தே 'அல்காரிதம்' என்னும் சொல் பிறந்தது. 'அல்ஜீப்ரா' என்னும் பெயருக்குக் காரணமான அவர்தம் நூலில் ஒரு பெரும்பகுதி வாரிசுரிமைக் கணக்குகளையும் வஸிய்யத்தையும் பற்றியதே ஆகும். ஆகவே, ஃபராயிளுக்குச் செயலி செய்ய நம் இளைஞர் விரும்பியது பழைய வழியில் வைத்த புதிய அடியே.

அவர் நம்மிடம் வந்து செயலியைக் காட்டினார். நாம் மூன்று கணக்குகளைக் கேட்டோம். மூன்றுக்கும் விடை சரியாக வந்தது. மகிழ்ச்சியில் "மாஷா அல்லாஹ்" என்று கூறி அனுப்பினோம். நாம் கூறிய அந்த ஒரு சொல் போதுமானதாயிற்று. "ஹஜ்ரத் பார்த்துவிட்டார்" என்ற குறிப்புடன் செயலி வாட்ஸ்அப்பில் வீடு வீடாகச் சென்றது.

பத்து நாட்களுக்குப் பின் ஒரு சகோதரி தம் கணவருடன் நம்மைக் காண வந்தார். அவருடைய உடன்பிறந்த அக்காள் இறந்துவிட்டார். பெற்றோரும் பிள்ளைகளும் சகோதரர்களும் இல்லை. கணவரும் உடன்பிறந்த சகோதரிகள் இருவருமே வாரிசுகள். கடன்கள் தீர்த்தபின் எஞ்சியது 7 இலட்சம் ரூபாய். செயலியைக் கேட்டார்கள். கணவருக்கு 3,50,000, சகோதரிகளுக்கு ஆளுக்கு 1,75,000 என்று சொல்லிற்று. மறுநாள் பணத்தைப் பிரிப்பதாக இருந்தது. "துஆச் செய்யுங்கள்" என்று கேட்கவே அவர்கள் வந்திருந்தார்கள்.

ஃபராயிள் ஓதியவர்கள் இக்கணக்கை மறக்க மாட்டார்கள். கணவருக்குப் பாதி, இரு சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. ஆறு பங்காக வைத்தால் மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழாகின்றன, சொத்தை மிஞ்சுகின்றன. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் இத்தகைய வழக்கு எழுந்தபோது, அவர்கள் ஸஹாபாக்களுடன் கலந்தாலோசித்து, எல்லோருடைய பங்கையும் அவரவர் விகிதப்படி குறைத்தார்கள். இதற்கு 'அவ்ல்' என்று பெயர். நான்கு மத்ஹபுகளும் இதனை ஏற்கின்றன. இதன்படி கணவருக்கு ஏழில் மூன்று, அதாவது 3 இலட்சம். சகோதரிகளுக்கு ஆளுக்கு 2 இலட்சம். செயலியோ கணவருக்குப் பாதியை முதலில் எடுத்துவைத்துவிட்டு, எஞ்சியதைச் சகோதரிகளுக்குக் கொடுத்திருந்தது. ஒவ்வொரு சகோதரிக்கும் 25,000 ரூபாய் குறைந்துபோயிற்று. கூட்டிப் பார்த்தால் தொகை 7 இலட்சம் சரியாக வருவதால் யாருக்கும் ஐயம் எழவில்லை.

அன்று இரவே இளைஞரை அழைத்தோம். அவர் இயந்திரத்திடம் பிழையைச் சுட்டினார். அது உடனே ஒப்புக்கொண்டு, வருத்தம் தெரிவித்து, நிரலைத் திருத்தித் தந்தது. சகோதரிகளின் கணக்கு சரியாயிற்று. ஆனால் இம்முறை நாம் "மாஷா அல்லாஹ்" சொல்லவில்லை. வேறொரு கணக்கைக் கொடுத்தோம்: மனைவியும் ஒரே மகளும், வேறு வாரிசு எவரும் இல்லை, சொத்து 8 இலட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்றான 1 இலட்சம். மகளுக்கு அவளுக்குரிய பாதியுடன் எஞ்சியதும் திரும்பி வந்து 7 இலட்சம். இந்த 'ரத்து' எனும் மீள்பங்கு மனைவிக்குக் கிடையாது. திருத்திய செயலியோ எல்லோரையும் விகிதப்படி கூட்டிவிட்டு, மனைவிக்கு 1,60,000 என்றும் மகளுக்கு 6,40,000 என்றும் காட்டியது. ஒரு வீட்டின் பிழையைத் திருத்தப்போய் மற்றொரு வீட்டில் அநாதைப் பெண்ணின் பங்கில் கைவைத்துவிட்டது!

ஏன் இவ்வாறு நேர்கிறது? இந்த இயந்திரம் கற்றுத் தேர்ந்த ஆலிம் அன்று. மனிதர்கள் எழுதிவைத்த ஏராளமான எழுத்துகளைக் கொண்டு, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது பொருத்தம் என்பதைப் பழகிக்கொண்ட ஒன்று. பலரும் எழுதியதைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். அரிதாக வரும் மஸ்அலாவில் தடுமாறும். ஆனால் சரியாகச் சொல்லும்போதும் தவறாகச் சொல்லும்போதும் அதன் குரல் ஒன்றே. தயக்கமே காட்டாதவனின் சாட்சியத்தைக் கூடுதலாக விசாரிக்க வேண்டும் அல்லவா?

பின்னர் நாம் என்ன செய்தோம்? ஒரு நோட்டுப் புத்தகத்தில் 40 கணக்குகளை எழுதினோம். அவ்லும் ரத்தும், பாட்டனும் பேத்தியும், எளியதும் அரியதும் அதில் இருந்தன. ஒவ்வொன்றின் விடையையும் மதரஸாவில் ஓதிய 'ஸிராஜிய்யா' கிதாபைப் பார்த்து நாமே எழுதினோம், இயந்திரத்திடம் கேட்கவில்லை. அந்த 40 கணக்குகளையும் ஒரே பொத்தானில் ஓட்டிப் பார்க்கும் ஏற்பாட்டை மட்டும் இயந்திரமே எழுதித் தந்தது. நிரலில் ஓர் எழுத்து மாறினாலும் நாற்பதையும் மறுபடி ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம். பிழைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன, திருத்தப்பட்டன. அவருக்குக் கருவி தெரியும், சட்டம் தெரியாது. நமக்குச் சட்டம் தெரியும், கருவி தெரியாது. இருவரும் ஒரு பாயில் அமர்ந்தபோதுதான் செயலி நேராயிற்று.

மற்றொன்றையும் கூற வேண்டும். 2020 நவம்பரில், உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பதிவிறக்கிய 'முஸ்லிம் ப்ரோ' செயலியின் பயனாளர்கள் இருந்த இடம் பற்றிய தரவுகள் ஒரு தரவு வணிக நிறுவனத்திற்குச் சென்றதையும், அந்நிறுவனத்திடம் வாங்குவோரில் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்கள் இருந்ததையும் 'மதர்போர்டு' இதழ் வெளியிட்டது. அச்செயலியினர் அத்தொடர்பைத் துண்டித்துக்கொண்டனர். தொழுகை நேரம் பார்த்தவர் இதை அறிந்திருப்பாரா? நம் இளைஞரின் செயலிக்குப் பெயர் தேவையில்லை, இருப்பிடம் தேவையில்லை, தொடர்பு எண்கள் தேவையில்லை. ஆகவே அவற்றைக் கேட்கும் பகுதிகள் அனைத்தையும் நீக்கச் செய்தோம். தேவையற்றதைக் கேட்காதிருப்பதும் அமானிதமே.

இனி இச்செயலியைக் கூகுள் ப்ளே ஸ்டோரில் வைக்க அவர் விரும்புகிறார். அதற்கு ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குவோர், குறைந்தது 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாட்கள் சோதித்த பின்னரே வெளியிட விண்ணப்பிக்க முடியும். ஜமாஅத் நிர்வாகத்திடம் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: கட்டணத்தை ஜமாஅத் ஏற்கட்டும். அந்த 12 பேரையும் நண்பர் கூட்டமாக நிரப்பிவிடாமல், ஃபராயிள் அறிந்த ஆலிம்களையும், ஒரு வழக்கறிஞரையும், பெண்களையும் அமர்த்தட்டும். பங்கு குறைந்தால் முதலில் வலிப்பது பெண்களுக்கே.

இளைஞர்களே! செயலி செய்யுங்கள், தயங்க வேண்டாம். ஆனால், "இயந்திரம் தவறாக எழுதிவிட்டது" என்னும் பதில் மறுமையில் செல்லுபடியாகாது. நிரலை எழுதியது எதுவாயினும், அதை மக்களிடம் கொடுத்தவர் நீங்களே. "பார்த்துவிட்டேன்" என்று சொன்ன ஹஜ்ரத்தும் அதற்குப் பொறுப்பாளியே. மூன்று கணக்குகளைப் பார்த்துவிட்டு வாய் திறந்த குற்றத்திற்காக, இந்தச் சபையில் நாம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம்.

அந்தக் குடும்பத்தின் முடிவையும் சொல்லி நிறைவு செய்கிறோம். இறந்தவரின் கணவரை அழைத்து, அவர் பங்கு 3 இலட்சம்தான் என்று விளக்கினோம். சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின், "அந்த ஐம்பதாயிரத்தை நான் தெரியாமல் தின்றிருப்பேனே, ஹஜ்ரத்!" என்றார். சகோதரிகள் இருவருக்கும் ஆளுக்கு 2 இலட்சம் மறுநாளே போய்ச் சேர்ந்தது.

கற்றதைப் பயனுள்ளதாகவும், கொடுத்ததைப் பிழையற்றதாகவும் ஆக்கிக்கொள்ளும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.